நாரும் நீரும்

பாம்பன் கால்வாயின்மீது 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் திறக்கப்பட்ட இருப்புப்பாதைப் பாலம், 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தன் உத்தரங்களிற் பெரும்பாலானவற்றைக் கடலுக்குப் பறிகொடுத்தும் 46 நாட்களில் மறுபடி எழுந்து நின்ற பெருமையுடையது. ஆயினும் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓட்டத்தை நிறுத்த நேர்ந்ததற்குக் காரணம், புயலைக் காட்டிலும் பொறுமை மிகுந்த ஒரு சத்துருவாகிய உப்பு. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பிகளும், முழுதும் பற்றவைத்த மூட்டுகளும், கனத்த காப்புப் பூச்சும் சேர்க்கப்பட்டிருப்பது, அந்தச் சத்துருவின் வலிமையைப் பொறியாளர் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டதன் அடையாளமே. இரும்பைக் கையிலெடுத்தவர் இக்கரையில் ஆயுள் முழுவதும் கடலோடு வழக்காடத்தான் வேண்டும்.

அந்த வழக்கே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டவர்கள் சிறு படகுக்காரர்கள். பலகையால் கட்டிய வள்ளமும் வத்தையும் மிதந்த பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும், கடந்த சில பத்தாண்டுகளாக, ‘பைபர்’ என்று சுருக்கமாக எல்லோரும் சொல்லும் கண்ணாடி இழைப் படகு பெருகிவிட்டது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் நிவாரணமாக வழங்கப்பட்ட படகுகளிலும் பெரும்பகுதி இவ்வகையே. அதைச் செய்யும் முறை எளிது. அச்சின்மேல் கண்ணாடி இழைப் பாயை, தொழிலாளர் மொழியில் ‘மேட்’டை, விரித்து, கேட்டலிஸ்ட் கலந்த பாலியெஸ்டர் ரெசினைத் தூரிகையாலும் உருளையாலும் தோய்த்து, மறுபடி ஒரு மேட், மறுபடி ரெசின் என்று அடுக்கிக்கொண்டே போனால், இறுகியபின் அது துருவும் ஏறாமல், கப்பல் புழுவும் துளைக்காமல், பலகைப் படகைவிட இலேசாகவும் இருக்கிறது.

ஆனால் அந்தப் படகு செத்த பிறகு என்ன ஆகும் என்பதை விற்றவரும் யோசிக்கவில்லை, வாங்கியவரும் யோசிக்கவில்லை. பலகைப் படகு பழுதானால் அடுப்புக்காவது ஆகும். இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போகும். ஒருமுறை இறுகிய பாலியெஸ்டரோ மறுபடி உருகாது, மட்காது. எரித்தால் நச்சுப் புகை எழும். அறுத்தால் கண்ணாடித் தூள் மூச்சில் ஏறும். அதனுள் இருக்கும் கண்ணாடி இழையோ மணலைச் சுமார் 1400 பாகை வெப்பத்தில் உருக்கி இழுத்ததாகையால், பிறக்கும்போதே ஏராளமான எரிபொருளை விழுங்கிவிட்டு வந்தது. கண்ணாடியின் இடத்தில் ஆண்டுதோறும் மண்ணில் முளைக்கும் ஒரு நாரை வைக்க முடியுமா என்ற கேள்வியை உலகத்து ஆய்வுக்கூடங்கள் பல கேட்டுக்கொண்டிருக்கின்றன. பனையும் கருவேலமும் நிறைந்த இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து அதை ஆராய்வது பொருத்தமானதுதான்.

நாரையும் பசையையும் சேர்த்து வலிய பொருள் செய்யும் சாஸ்திரத்துக்குப் பாம்பன் தீவு ஏற்கெனவே ஒரு மகனைத் தந்திருக்கிறது. யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்வதற்காகத் தந்தையார் கடற்கரையில் மரப்படகு கட்டியதையும், அதைப் புயல் கொண்டுபோனதையும் சிறுவயதிற் கண்ட அப்துல் கலாம், பிற்காலத்தில் தும்பாவில் கண்ணாடி இழைக் கூட்டுப்பொருள்களோடு பழகினார். 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி ரோகிணியை விண்ணில் நிறுத்திய எஸ்.எல்.வி-3 ஏவூர்தியின் மேலடுக்குகளின் கூடுகள் இழையும் ரெசினும் சேர்ந்தவை. ஏவுகணைக்கென்று பிறந்த அதே வித்தையைக் கொண்டு, போலியோவால் கால் தளர்ந்த குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் கவசத்தை மாட்டிக்கொண்டு இழுபட்டு நடந்த நிலைமாறி, 300 கிராம் எடையுள்ள கவசத்தோடு ஓடச் செய்ததைத்தான் அவர் பிற்காலத்தில் மிகுந்த சந்தோஷத்துடன் எடுத்துச் சொல்வார். என் அபிப்பிராயத்தில், கூட்டுப்பொருள் என்பது எதற்கு என்று கேட்பவருக்கு ஏவுகணையைக் காட்டுவதைவிட அந்தக் கவசத்தைக் காட்டுவதே மேல்.

இழை ஏன் வலியது? ஒரே கண்ணாடியே தட்டாக இருந்தால் தட்டினவுடன் நொறுங்குகிறது. இழையாக இழுத்தால் படகைத் தாங்குகிறது. இந்தப் புதிருக்கு 1921-இல் விடை எழுதியவர் இங்கிலாந்தில் விமானப் பொறியியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த கிரிஃபித். பொருள் உடைவது அதன் சராசரி பலத்தால் அல்ல, அதில் மறைந்திருக்கும் மிகப் பெரிய கீறலால் என்றும், இழை மெல்லியதாக ஆக அதில் பெரிய கீறல் ஒளிந்துகொள்ள இடமே குறைகிறது என்றும் அவர் கண்டார். ஆகவே நுண்மையே ஒரு பலம். அந்த இழைகளைச் சுற்றி நிற்கும் ரெசின் தன்னளவில் பெரிய பலசாலி அல்ல. ஓர் இழையின்மேல் விழும் பாரத்தைப் பக்கத்து இழைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் நடுவராக இருக்கிறது. நடுவர் இழையை இறுகப் பற்றியிருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் இழை உருவிக்கொண்டு வந்துவிடும், பொருள் பிளக்கும். இந்தப் பிடியைப் பற்றிய பேச்சு இனிமேல் பலமுறை வரப்போகிறது.

தாவரங்கள் இந்தத் தத்துவத்தை மனிதன் தோன்றுவதற்கு முன்பே கடைப்பிடித்து வருகின்றன. இராமநாதபுரத்துப் பனைமரத்தை வெட்டிய குறுக்குமுகத்தைப் பார்த்தவர்கள், கரிய நார்க் கற்றைகள் ஓரத்தை ஒட்டி நெருங்கியும் நடுவில் செல்லச் செல்லக் கலைந்தும் கிடப்பதைக் கவனித்திருப்பார்கள். காற்று வளைக்கும்போது அதிக இழுவிசை விழுவது ஓரத்திலேயாகையால், வைரம் பாய வேண்டிய இடத்தில் வைரம் பாய்ந்திருக்கிறது. வீட்டுக்கு விட்டம் அறுக்கும் ஆசாரி நடுச்சோற்றை விலக்கி ஓரத்தை எடுப்பதும் இதனால்தான். அந்த மரத்தின் மட்டையிலிருந்து உரிக்கும் அகணி நார் கட்டிலுக்கும் பெட்டிக்கும் ஆயிற்று. அடிமட்டையைத் தட்டி எடுக்கும் தும்பு தூரிகைக்கும் துடைப்பத்துக்குமாகத் தூத்துக்குடி வழியே கப்பலேறியது. பன்னாடை பதநீர் வடிகட்டிற்று. நாரின் ஸ்தூல உருவம் முழுவதையும் நம்மவர் அறிந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். சூக்ஷ்ம உருவம் மட்டுமே பாக்கி.

அகணி நாரை நுண்பெருக்கியில் வைத்தால் அது ஒரு நார் அல்ல என்பது தெரியும். நீண்ட உயிரணுக்கள் பல, லிக்னின் என்ற பழுப்புப் பசையால் ஒட்டப்பட்ட கற்றை அது. ஒவ்வோர் உயிரணுவின் சுவரையும் மின்னணு நுண்பெருக்கியில் மேலும் பெருக்கினால், மூன்று அல்லது நான்கு நானோமீட்டர் தடிப்பமுள்ள இழைகள் திருகுச் சுருளாகப் படிந்திருப்பது காணப்படும். ஒரு நானோமீட்டர் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கியதில் ஒன்று. நாரைப் பிரித்துப் பிரித்துப் போனால் கடைசியாக இழை என்று சொல்லத்தக்கதாக எஞ்சுவது இதுதான். இதற்குக் கீழே மூலக்கூறுகளே உள்ளன. அந்த மூலக்கூறுதான் 1838-இல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் ஆன்செல்ம் பாயென் தாவரங்களிலிருந்து பிரித்தெடுத்த செல்லுலோஸ். குளுக்கோஸ் என்ற சர்க்கரை ஆயிரக்கணக்கில் ஒரே நேர்கோட்டில் கைகோத்து நிற்கும் சங்கிலி அது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் சேர்த்து வைத்திருக்கின்றன. இப்பிணைப்பு ஒன்றைத் தனியே எடுத்தால் மிகவும் நொய்ந்தது. ஆனால் இராமநாதசுவாமி கோவில் தேர் வடத்தைப் பிடித்த கூட்டத்தில் ஒருவர் பலம் கணக்கில் சேராமற்போனாலும் தேர் நகர்வதுபோல, எண்ணிறந்த பிணைப்புகள் சேர்ந்து சங்கிலிகளை ஒரு படிகமாகவே கட்டிவிடுகின்றன.

அந்தப் படிகத்தின் விறைப்பை, சங்கிலி ஓடும் திசையில் அளந்தவர்கள் ஏறக்குறைய 140 கிகாபாஸ்கல் என்று கண்டிருக்கிறார்கள். எஃகுக்கு 200, படகுக்குப் பயன்படும் கண்ணாடி இழைக்கு 70-க்குச் சற்று மேல். எஃகைவிடக் குறைவாயிற்றே என்று எண்ணுவதற்குமுன் எடையைப் பார்க்க வேண்டும்: எஃகு தண்ணீரைப்போல் ஏழே முக்கால் மடங்குக்கு மேல் கனமுடையது, கண்ணாடி இரண்டரை மடங்கு, செல்லுலோஸ் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். எடைக்கு எடை நிறுத்தால் எஃகையும் கண்ணாடியையும் இது மும்மடங்குக்குக் குறையாமல் வெல்கிறது. பனைமட்டையில் இவ்வளவு பலமா என்று வியப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இது தனித்த படிகத்தின் பலம். மட்டையின் பலம் அல்ல. திசை மாறியும், லிக்னினால் விலகியும், இடையிடையே படிகமாகாமல் குழம்பியும் கிடக்கும் இழைக் கூட்டத்தில் அதன் ஒரு பகுதியே வெளிப்படும். சங்கிலியின் குறுக்குத் திசையிலோ விறைப்பு பன்மடங்கு குறைவு. நானோ இழையைப் புகழ்ந்து எழுதும் பலர் இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறார்கள்.

பிரித்தெடுப்பதில்தான் பிரயாசை முழுவதும். நாரைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து லிக்னினையும் பிற பசைகளையும் கரைத்து, வெளுத்து, காகிதக் கூழ் ஆக்குவது பழைய வித்தை. அதற்கப்பால் இரண்டு மார்க்கங்கள் உண்டு. ஒன்று அமில மார்க்கம்: கந்தக அமிலம் குழம்பிய பகுதிகளைத் தின்றுவிட, படிகப் பகுதிகள் குட்டைக் குச்சிகளாக எஞ்சும், சுவீடனில் ரான்பி 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைச் செய்து காட்டினார். மற்றொன்று யந்திர மார்க்கம்: அமெரிக்காவில் டர்பக் என்பவரும் தோழர்களும் கூழை, பாலின் கொழுப்பைச் சிதறடிக்கும் யந்திரத்துக்குள் உயர்ந்த அழுத்தத்தில் மறுபடி மறுபடி செலுத்தி, இழைகளை நீளம் குறையாமல் பிளந்தார்கள், 1983-இல் அதை வெளியிட்டார்கள். அந்த யந்திரம் விழுங்கிய மின்சாரம் அபாரமானதாகையால் கண்டுபிடிப்பு இருபதாண்டுக் காலம் தூங்கிற்று. அதை எழுப்பியவர்களில் முக்கியமானவர்கள் டோக்கியோ பல்கலைக்கழகத்து இசோகாய், சைட்டோ இருவரும். 2006-ஐ ஒட்டி அவர்கள் கண்ட உபாயம், டெம்போ என்னும் வினையூக்கியால் இழைகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றத்தை உண்டாக்குவது. ஒரே ஜாதி மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளும். ஆகையால் இழைகள் தாமே விலகிக்கொள்ள, சிறிதளவு கலக்கினாலே போதும், கூழ் கண்ணாடிபோல் தெளிந்த திரவமாகிவிடுகிறது. இத்துறையின் பெருமைக்குரிய மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசு 2015-இல் இவ்விருவருக்கும், செல்லுலோஸ் படிகத்தின் அமைப்பைத் துலக்கிய நிஷியாமாவுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

பிளாஸ்டிக்கை இவ்விழை எவ்வளவு பலப்படுத்தும் என்பதை முதலில் எடுப்பாகக் காட்டியது, விசித்திரமாக, ஒரு செடியின் நார் அன்று. பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டு, தொட்டால் நீரைப் பீய்ச்சும் ஒரு கடற்பிராணி உண்டு. மன்னார் வளைகுடாவிலும் அதன் இனங்கள் பல. பிராணிவர்க்கத்தில் செல்லுலோஸால் தனக்கு உறை செய்துகொள்ளும் கூட்டம் இதுவே. பிரான்சில் கிரெநோபிள் நகரத்து ஆய்வாளர்கள், இப்பிராணியின் உறையிலிருந்து எடுத்த குச்சிகளை ரப்பர் பாலில் நூற்றுக்கு ஆறு பங்கு சேர்த்து உலர்த்தியபோது, சூட்டில் இளகும் நிலையில் அந்தப் படலத்தின் விறைப்பு நூறு மடங்குக்கும் மேலே போயிற்று. 1995-இல் வெளிவந்த இச்செய்தி சாஸ்திரிகளைத் திகைக்க வைத்தது. ஆறு பங்கு சரக்கு நூறு மடங்கு பலம் தருவானேன்? குச்சிகள் தனித்தனியே நிற்காமல், ஒன்றையொன்று தொட்டு, ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து, ரப்பருக்குள் இடைவிடாத ஒரு வலையைக் கட்டிவிட்டன என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இனி நீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எல்லா நன்மையும் எல்லாத் தொல்லையும் நீரிலிருந்தே வருகின்றன. செல்லுலோஸின் மேற்பரப்பு நீரை நேசிக்கும் சுபாவமுடையது. பாலிப்ரோப்பிலீனும் பாலியெஸ்டரும் நீரை வெறுப்பவை. நீரில் அழகாக மிதக்கும் நானோ இழையை உருகிய பிளாஸ்டிக்கில் போட்டால், அது பிளாஸ்டிக்கைத் தொட விரும்பாமல் தன் இனத்தோடேயே சேர்ந்து உருண்டையாகிவிடும். முன்னே சொன்ன பிடி அங்கே இல்லை. சரி, நீரை வற்றவைத்து உலர்ந்த தூளாக எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றால், உலரும்போது இழைகள் ஒன்றோடொன்று நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். பசை தடவாமலே காகிதம் காகிதமாக நிற்பது இதே காரணத்தால்தான். இழையாகவே வைத்திருக்க வேண்டுமானால் நூறு பங்கில் தொண்ணூற்றெட்டுப் பங்கு நீரோடு வைத்திருக்க வேண்டும். அப்பொழுதும் அது கூழாக உறைந்து நிற்கும். ஒரு டன் இழையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்புவதென்றால் 49 டன் நீரையும் லாரியில் ஏற்றவேண்டும் என்பது வியாபாரிக்கு உவப்பான கணக்காகாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களுள் கியோத்தோ பல்கலைக்கழகத்து யானோவின் யுக்தி எனக்கு மிகவும் பிடித்தது. நானோ இழையை முதலில் செய்து பிறகு பிளாஸ்டிக்கில் கலப்பதை அவர் விட்டுவிட்டார். சாதாரணக் கூழின் மேற்பரப்பை ரசாயனத்தால் சற்றே நீர்வெறுப்புள்ளதாக மாற்றி, அதை அப்படியே பிளாஸ்டிக்கோடு இரட்டைத் திருகு யந்திரத்தில் போட்டால், பிசையும் விசையிலேயே கூழ் நானோ இழையாகப் பிரிந்து பிளாஸ்டிக்குள் பரவிவிடுகிறது. இம்மாதிரிப் பாகங்களைக் கொண்டு செய்த மோட்டார் வண்டி ஒன்று 2019-இல் டோக்கியோ கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. நீரில் ஓடும் ஊர்தியிலும் இழை ஏறிவிட்டது: நிப்பான் பேப்பர் கம்பெனியின் மர இழை சேர்த்த பாலிப்ரோப்பிலீனை யமஹா கம்பெனி தன் நீர் ஸ்கூட்டர்களின் யந்திரப் பாகத்தில் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறது. பாகத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். உப்புநீரில் ஆண்டுக்கணக்கில் ஊறும் அடிக்கட்டையில் அன்று. நம் நாட்டில் பம்பாயிலுள்ள பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 2015-இல் நாளொன்றுக்குப் பத்துக் கிலோ நானோ செல்லுலோஸ் செய்யும் முன்னோட்ட ஆலையை நிறுவியது. பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சே அதற்கு ஆதாரம்.

இராமநாதபுரத்துக்கு ஆதாரம் எது? பனை என்று சொல்லத் தோன்றும். தானாகக் காய்ந்து விழும் மட்டையை எடுப்பதில் தோஷமில்லை. ஆனால் செங்கற் சூளைக்காக வெட்டுண்டு குறைந்துவரும் மரத்துக்குப் புதிதாக ஒரு விலை கூறுவதில் எனக்கு உற்சாகமில்லை. வெட்டினாலும் வெட்டினாலும் தீராத ஒன்று இங்கே இருக்கிறது. விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கவென்று பரப்பப்பட்டு, கண்மாய்க்குள்ளும் வயலுக்குள்ளும் புகுந்து, எடுக்க எடுக்கத் துளிர்க்கும் சீமைக் கருவேலம் அது. அதன் பட்டை நாரைத் தமிழக ஆய்வாளர்கள் 2013-இல் பரிசோதித்து, நூற்றுக்கு அறுபதுக்கு மேல் செல்லுலோஸ் உண்டென்றும், இழுவிசைத் தாங்குதிறன் 550 மெகாபாஸ்கலை எட்டுகிறதென்றும் வெளியிட்டார்கள். இது சாதாரணக் கட்டடக் கம்பியோடு ஒப்பிடத்தக்கது. கட்டையில் செல்லுலோஸின் பங்கு இதைவிடக் குறைவு, எனினும் அளவு ஏராளம். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கங்களில் கரிமூட்டம் போடும் குடும்பங்கள் இன்று அந்தக் கட்டையைத்தான் மண் போர்த்திப் புழுங்க வைக்கிறார்கள். கரியாக எஞ்சுவது பெரும்பாலும் வெறும் கார்பன், இந்த அத்தியாயம் முழுவதும் பேசிய செல்லுலோஸோ சிதைந்து புகையாகப் போகிறது. மூட்டக்காரருடைய கண்ணெரிச்சலும் இருமலும் அந்தப் புகையின் கூலி.

கடற்பாசியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுத்தபின் மிஞ்சும் சக்கையில் செல்லுலோஸ் உண்டு; பாசியில் லிக்னின் இல்லாமையால் அதைக் கடுஞ்சோடாவில் வதைக்க வேண்டியதில்லை. மண்டபத்திலுள்ள உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் பாசியைப் பல பிரயோஜனங்களுக்காக ஆராய்ந்துவருகிறார்கள். சரக்கின் அளவு சிறிது என்பதால், இது மருந்துக்கும் மெல்லிய படலங்களுக்கும் ஏற்றதேயன்றிப் படகுக்கு ஆகாது.

கருவேலத்திலும் தடை நீர்தான். ஒரு பங்கு இழைக்கு 49 பங்கு நீர் என்ற கணக்கை, குடிநீருக்குக் காவிரிக் குழாயை எதிர்பார்த்து நிற்கும் மாவட்டத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? கூழ் வடித்த காரநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் அது சேரும் இடம் பவளப்பாறைகளுள்ள மன்னார் வளைகுடா. வேறு மாவட்டங்களின் சாயப்பட்டறை ஆறுகள் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். ஆகையால் நீரை மிகுதியாக வேண்டும் டெம்போ மார்க்கத்தைவிட, உலர்ந்த கூழைப் பிளாஸ்டிக்கோடு பிசைந்துவிடும் யானோவின் மார்க்கமே இச்சீமைக்கு ஒத்துவரும் என்பது என் துணிபு. அதிலும் பிளாஸ்டிக் இன்னும் கச்சா எண்ணெய்ச் சந்ததிதான் என்பதை மறைக்கக் கூடாது. நூற்றுக்குப் பத்துப் பங்கு நார் சேர்த்துவிட்டு முழுப் பொருளையும் ‘பசுமை’ என்று விற்பது வியாபாரத் தந்திரம். செல்லுலோஸ் இருநூறு பாகை வெப்பத்துக்கு மேல் கருகத் தொடங்குவதால், தாழ்ந்த வெப்பத்தில் உருகும் பிளாஸ்டிக்கே அதற்குத் துணையாக அமையும் என்ற வரம்பும் உண்டு.

எனவே முதலிற் செய்யத்தக்கது படகு அன்று. படகின் மேல்தட்டுப் பலகை, மீன்பெட்டி, ஐஸ் பெட்டியின் வெளிச்சுவர், பாசி வளர்ப்பு மிதவையின் சட்டம் போன்றவற்றில் ஒன்றைச் செய்து பார்க்கலாம், உடைந்தால் உயிர்ச்சேதமில்லை. செய்ததைச் சோதிக்கவும் தூரம் போகவேண்டியதில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், வள்ளல் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் எழுந்து 1953-இல் திறக்கப்பட்டது. அது உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் மாட்டி அரிப்பை அளப்பதற்காக மண்டபத்தில் ஒரு கிளை வைத்தது. அதே சட்டங்களில் கருவேல இழை சேர்த்த தகடு ஒன்றையும், கண்ணாடி இழைத் தகடு ஒன்றையும் பக்கத்திற் பக்கமாக மாட்டி, வெயிலிலும் உப்புச் சாரலிலும் மூன்று பருவமழையைக் காணவிட்டு, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இறக்கி நிறுத்துப் பார்க்க வேண்டும். நூறு கிராம் தகடு நூற்றிரண்டு கிராமாக ஏறியிருந்தால் நீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். பிறகு அதை வளைத்துப் பார்த்து, விறைப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.